45 பேர் ஆபீஸ், பி.ஆர்.ஐ-யிலிருந்து இணையத் தொலைபேசிக்கு: எந்த அளவு ரவுட்டர் வாங்குவது?

கணபதி_பம்ப்
வணக்கம். கோவையில் பம்ப் உதிரிபாகம் விற்கும் நிறுவனம். 45 பேர், எல்லார் மேசையிலும் போன். இப்போது ஓடுவது 30 சேனல் பி.ஆர்.ஐ-யும் (ஒரே நேரத்தில் 30 கால் போகும் டெலிபோன் லைன்) ஒரு பழைய இ.பி.ஏ.பி.எக்ஸும் (ஆபீஸ் போன்களை இணைக்கும் பெட்டி). அதற்கு ஸ்பேர் கார்டு கிடைப்பது நின்றுபோனதால் கிளவுட் பி.பி.எக்ஸுக்கு, அதாவது அதே வேலையை இணையத்தில் இருக்கும் சர்வர் செய்யும் சேவைக்கு, மாறுகிறோம்.

இணைய லைன் இரண்டு. ஒன்று ஃபைபர், ஏற்றம் இறக்கம் இரண்டும் 100 எம்பிபிஎஸ். இன்னொன்று கேபிள்காரர் லைன், இறக்கம் 50, ஏற்றம் 10. போன் சப்ளை செய்பவர் ஒன்றரை லட்சத்துக்கு ஒரு ரவுட்டர் கொட்டேஷன் கொடுத்து, "45 போனுக்கு இதற்குக் கீழே போகாது" என்கிறார். பக்கத்து ஆபீஸ் நண்பர், ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டியே போதும் என்கிறார். ஐ.டி. என்று தனி ஆள் கிடையாது, அக்கவுண்ட்ஸ் பார்க்கும் நான்தான் இதையும் பார்க்கிறேன். யார் சொல்வதை நம்புவது?

சிங்கை_ரோடு
நண்பர் சொல்வதுதான் சரி. ஒரு காலுக்கு 100 கேபிபிஎஸ் என்று தாராளமாக வைத்தாலும் 45 பேரும் ஒரே நேரத்தில் பேசினால் 4.5 எம்பிபிஎஸ். உங்களிடம் 100 இருக்கிறது. ஒன்றரை லட்சத்துக்கு வேறு ஏதாவது வாங்குங்கள்.

பேக்கெட்_பாண்டி
கணக்கு சரி, முடிவு சரியில்லை. முதலில் அந்த 100 கேபிபிஎஸ் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

ஜி.711 கோடெக்கில் (குரலை எண்ணாக மாற்றும் முறை) குரல் மட்டும் 64 கேபிபிஎஸ். அதை 20 மில்லி செகண்டுக்கு ஒரு துண்டாக நறுக்கி அனுப்புகிறார்கள். ஒரு துண்டில் குரல் 160 பைட். அதன் மேல் ஆர்.டி.பி. 12, யு.டி.பி. 8, ஐ.பி. 20 ஆக 40 பைட் முகவரிச் சுமை. ஈதர்நெட் சட்டைக்கு இன்னொரு 18. மொத்தம் 218 பைட், செகண்டுக்கு 50 முறை, அதாவது 87.2 கேபிபிஎஸ். போக ஒன்று, வர ஒன்று. ஜி.729 என்றால் குரல் வெறும் 8 கேபிபிஎஸ், ஆனால் தலைச்சுமை அதேதான் என்பதால் கம்பியில் 31 ஆகிவிடும்.

ரவுட்டருக்கு வேலை வைப்பது இந்த 87 இல்லை. ஒரு காலுக்கு செகண்டுக்கு 100 பேக்கெட் (மேலே சொன்ன துண்டு), இரண்டு திசையும் சேர்த்து. பெட்டி மேல் எழுதிய "1 ஜிகாபிட்" 1518 பைட் பெரிய ஃபிரேமாக ஓட்டி எடுத்த எண்ணாக இருக்கும். அப்படி ஓட்டினால் செகண்டுக்கு 81,274 ஃபிரேம் நகர்த்தினாலே ஜிகாபிட் நிரம்பிவிடும். அதே ஜிகாபிட்டை 64 பைட் ஃபிரேமாக நிரப்ப 14,88,095 வேண்டும். பைக் விளம்பரத்தில் போடும் மைலேஜ் மாதிரிதான் அந்த ஸ்பீடு. ரவுட்டர் எடுக்கும்போது செகண்டுக்கு எத்தனை பேக்கெட் தள்ளும் என்று கேளுங்கள்.

சிங்கை_ரோடு
அப்படியே வைத்துக்கொள்வோம். 45 காலுக்கு 4,500 பேக்கெட். இதைத் தள்ள முடியாத பெட்டி இன்று சந்தையில் இருக்கிறதா?

பேக்கெட்_பாண்டி
குரலை மட்டும் தள்ளுவதென்றால் எல்லாப் பெட்டியும் தள்ளும். அதே பெட்டி வழியாக 45 கம்ப்யூட்டரும் போகிறதே. ஃபைபர் கம்பெனி இலவசமாகக் கொடுக்கும் பெட்டியான ஓ.என்.டி.யில் நேட் அட்டவணை (எந்த இணைப்பு உள்ளே யாருடையது என்று குறித்து வைப்பது) சிறியது. ஒரு பிரௌசரைத் திறந்து நாலு டேப் போட்டால் நூறு இணைப்பு சாதாரணமாக எழும்பும். அட்டவணை நிரம்பினால் பெட்டி புது இணைப்பை ஏற்காது, சிலது பழசையும் தூக்கி எறியும். அதில் போனின் ரிஜிஸ்ட்ரேஷன் (நான் இங்கே இருக்கிறேன் என்று சர்வரில் பதிவது) போய்விட்டால் அடுத்த முறை போன் தானாகக் கூப்பிட்டுப் பதியும்வரை உங்களுக்கு உள்வரும் கால் வராது. யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது, கஸ்டமர்தான் வாட்ஸ்அப்பில் திட்டுவார்.

அடுத்தது சிப் (SIP) ஏ.எல்.ஜி. சிப் என்பது இணையப் போன்கள் காலை எடுக்க, வைக்கப் பேசும் மொழி. உதவி செய்கிறேன் பேர்வழி என்று சிப் செய்திக்குள் இருக்கும் ஐ.பி. முகவரியைத் திருத்தும் வசதி இது. பல பெட்டிகளில் தப்பும் தவறுமாகத் திருத்தும், கம்பெனி கொடுத்த பெட்டியில் அணைக்க விடவும் மாட்டார்கள். கால் எடுத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது சரியாக 32 செகண்டில் அறுந்தால் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் இதுதான். எடுத்ததற்கான ஒப்புகை மறுமுனைக்குப் போய்ச்சேராமல், சிப் விதிப்படி 500 மில்லி செகண்டின் 64 மடங்கு காத்திருந்துவிட்டு வைத்துவிடும். அந்த 32 அங்கிருந்து வருவது.

பழைய_எக்ஸ்சேஞ்ச்
தம்பிகளா, 45 போன் இருப்பதால் 45 கால் என்று யார் சொன்னது? அந்தக் காலத்தில் எக்ஸ்சேஞ்சில் பத்தாயிரம் லைனுக்குப் பத்தாயிரம் பாதை போட்டதே இல்லை. கணபதி, உங்கள் இ.பி.ஏ.பி.எக்ஸ். சி.டி.ஆர். எழுதும், அதாவது ஒவ்வொரு காலுக்கும் ஒரு குறிப்பு. நெருக்கடியான ஒரு மணி நேரத்தில் எத்தனை கால், சராசரி எத்தனை நிமிடம் என்று எடுத்துப் போடுங்கள். அது இல்லாமல் இங்கே நடப்பதெல்லாம் வாய்ப்பந்தல்.

கணபதி_பம்ப்
எடுத்துவிட்டேன் ஐயா. காலை 10:30 முதல் 11:30 வரைதான் உச்சம். வெளி கால் உள்வருவது, போவது சேர்த்து 90 பக்கம். சராசரி 4 நிமிடம்.

பழைய_எக்ஸ்சேஞ்ச்
90-ஐ 4-ஆல் பெருக்கினால் 360 நிமிடம், 60-ஆல் வகுத்தால் 6 எர்லாங், அதாவது அந்த மணியில் சராசரியாக எந்நேரமும் 6 கால். நூற்றில் ஒரு காலுக்கு மேல் வழி கிடைக்காமல் தட்டக்கூடாது என்று வைத்து எர்லாங் பி சூத்திரத்தில் போட்டால் 12 வழிக்கு 1.1 சதவீதம் தட்டுகிறது, 13 போட்டால் அரை சதவீதம். ஆக 13. நீங்கள் இத்தனை வருடம் 30 சேனலுக்கு வாடகை கட்டியிருக்கிறீர்கள். பி.ஆர்.ஐ. என்றால் பொதுவாக 30-ஆகத்தான் கொடுப்பார்கள், அது வேறு விஷயம்.

டென்மார்க்கில் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங் 1917-ல் வெளியிட்ட கணக்கு இது. நூறு வருடம் தாண்டியும் உதைக்காமல் ஓடுகிறது. சாப்ட்வேர் விற்கிற பிள்ளைகள் யாரும் தொடுவதில்லை.

பேக்கெட்_பாண்டி
ஐயாவுக்கு வணக்கம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பி.பி.எக்ஸ். கிளவுடுக்குப் போய்விட்டால் உள் காலும் வெளியே போய்த் திரும்பி வரும். குடோனிலிருந்து பில்லிங்குக்குப் பேசினாலும் குரல் மும்பையிலோ எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய், அங்கிருந்து இன்னொரு காலாக அடுத்த மேசைக்கு இறங்கும். ஆக ஒரு உள் காலுக்கு ரவுட்டரில் இரண்டு கால் கணக்கு. சில சேவைகளில் இரண்டு போனும் நேரடியாகப் பேசிக்கொள்ள வழி உண்டு, ஆனால் ரெக்கார்டிங் வேண்டும் என்று கேட்டால் அது போய்விடும். நீங்கள் ரெக்கார்டிங் கேட்டிருப்பீர்கள்.

உள் கால் ஒரே நேரத்தில் 5 என்று வைத்தால் 10. வெளி 13. மொத்தம் 23. கான்பரன்ஸ், டிரான்ஸ்பர் எல்லாம் சேர்த்து 30 என்று பிடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு திசையிலும் 2.6 எம்பிபிஎஸ், செகண்டுக்கு 3,000 பேக்கெட்.

சிங்கை_ரோடு
நான் 4.5 சொன்னேன். நீங்கள் இவ்வளவு சுற்றி 2.6-க்கு வந்திருக்கிறீர்கள். என் கட்சிதான் ஜெயிக்கிறது.

பேக்கெட்_பாண்டி
ஜெயித்துக்கொள்ளுங்கள். இப்போது இன்னொரு கணக்கு.

காலை 11 மணிக்கு டிசைன் பிரிவில் ஒருவர் டிராயிங் ஃபோல்டரை கிளவுடுக்கு ஏற்றுகிறார். ஏற்றம் 100 முழுதும் நிரம்புகிறது. ரவுட்டருக்கும் மோடத்துக்கும் இடையில் எங்கோ 2 எம்பி (மெகாபைட்) பஃபர், அதாவது பேக்கெட்டுகள் வரிசையில் நிற்கும் இடம், இருக்கிறது, அதுவும் நிரம்புகிறது. 2 எம்பி என்றால் 16 மெகாபிட், 100 எம்பிபிஎஸ் லைனில் அது வடிய 160 மில்லி செகண்ட். அந்த நேரத்தில் வரும் குரல் பேக்கெட் வரிசையின் கடைசியில் நின்று 160 காத்திருக்கும். ஜி.114 பரிந்துரையில் உலகத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யு. வாயிலிருந்து காதுவரை மொத்தமாக 150-க்குள் இருந்தால் நல்லது என்கிறது. ஒரு பஃபரே அதை விழுங்கிவிட்டது. உங்கள் கேபிள் லைனில் ஏற்றம் 10 தான், அங்கே இதே பஃபர் வடிய 1.6 செகண்ட். "ஹலோ, கேக்குதா, ஹலோ" என்று பாதி ஊழியர்கள் எழுந்து நிற்பார்கள். அலைவரிசை அப்போதும் ஏராளமாக இருக்கிறது என்று உங்கள் அறிக்கை காட்டும், ஐந்து நிமிட சராசரியில் லைன் 20 சதவீதம்தான் ஓடியிருக்கும்.

இதற்கு மருந்து, நம் ரவுட்டரே லைன் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே, 90 அல்லது 95-ல், வரிசையைப் பிடித்து வைத்துக்கொள்வது. அப்போது மோடம் பஃபர் நிரம்பாது, யாரை முதலில் விடுவது என்பது நம் கையில். குரலுக்கு டி.எஸ்.சி.பி. 46 என்ற முன்னுரிமை முத்திரை போட்டு முன்னே விடலாம். அதெல்லாம் தெரியாவிட்டால் கேக் அல்லது எஃப்.க்யூ. கோடெல் என்ற வரிசை முறையைப் போட்டுவிட்டால்கூட அதுவே நியாயமாகப் பிரித்து விடும், சன்னமாக வரும் குரல் தானாக முன்னே போகும். உங்கள் வாசலைத் தாண்டியதும் கம்பெனிக்காரர் அந்த 46-ஐ மதிக்கமாட்டார், அழித்தும் விடுவார். நெரிசல் பெரும்பாலும் நம் ஏற்றத்தில்தான் என்பதால் வாசல்வரை மதித்தாலே முக்கால் வேலை முடிந்தது.

ரவுட்டரின் உண்மையான கொள்ளளவு இங்கேதான் தெரியும். வீட்டு ரவுட்டர்கள் ஜிகாபிட் ஓட்டுவது நேட் வேலையைத் தனி மைக்ரோசிப்பிடம் தள்ளிவிட்டு. இப்படி வரிசை பிரிக்கும் க்யூ.ஓ.எஸ். போட்ட நிமிடம் அந்தக் குறுக்குவழி மூடி, ஒவ்வொரு பேக்கெட்டும் சி.பி.யு. வழியாக வர ஆரம்பிக்கும். ஜிகாபிட் பெட்டி 150-க்கு இறங்கினால் ஆச்சரியப்படாதீர்கள். ஆகவே 30 காலைத் தாங்குமா என்று கேட்காமல், ஏற்றமும் இறக்கமும் முழு வேகத்தில் ஓடும்போது, ஃபயர்வாலும் வரிசையும் போட்ட நிலையில், சி.பி.யு. எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். 50, 60-ல் நின்றால் வாங்கலாம்.

சிங்கை_ரோடு
சரி, இது நியாயம். எங்கள் ஆபீஸில் மதியத்துக்கு மேல் குரல் உடைவது இதனால்தானா என்று பார்க்க வேண்டும். கம்பெனிக்காரரைத்தான் இதுவரை திட்டிக்கொண்டிருந்தோம்.

பேக்கெட்_பாண்டி
எளிதாகப் பார்க்கலாம். வெளியில் ஏதாவது ஒரு முகவரிக்கு பிங் ஓடவிட்டு, ஒரு பெரிய ஃபைலை ஏற்றுங்கள். 15-ல் இருந்த பிங் 200-க்குத் தாவினால் அதுவேதான். தாவாமலேயே குரல் உடைந்தால் கம்பெனிக்காரரைத் தொடர்ந்து திட்டலாம்.

கணபதி_பம்ப்
புரிகிறது. அப்படியென்றால் மாடல் எது? கொட்டேஷனில் இருப்பது சிஸ்கோ ஐ.எஸ்.ஆர். 4321, ரீஃபர்பிஷ்டு என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது.

திருப்பூர்_நெட்
ஒன்றரை லட்சமா? அந்தப் பெட்டி கூட வரும் உரிமத்தில் 50 எம்பிபிஎஸ் தான் ஓடும். அடுத்த படி உரிமம் வாங்கினால் 100. உங்கள் லைன் 100-ம் 50-ம். அதோடு கிளவுட் பி.பி.எக்ஸ். என்ற பின் அதற்குள் இருக்கும் வாய்ஸ் கார்டு வசதி எதற்கு? பி.ஆர்.ஐ. வைத்துக்கொள்பவர்களுக்கு அது அருமையான பெட்டி. உங்களுக்கு இல்லை.

மைக்ரோடிக் என்ற ரவுட்டர் கம்பெனி பக்கம் பாருங்கள். அவர்கள் ஒவ்வொரு மாடலின் பக்கத்திலும் சோதனை அட்டவணை போடுகிறார்கள். 64, 512, 1518 பைட் மூன்று நிரலும், எதுவும் போடாமல், 25 வரிசை போட்டு, 25 ஃபயர்வால் விதி போட்டு என்று தனித்தனி நிரையும் இருக்கும். முதல் நிரையைப் பார்த்து மயங்காமல், வரிசை போட்ட நிரையில் 512 நிரலைப் பாருங்கள். ஆபீஸ் போக்குவரத்து கிட்டத்தட்ட அதுதான்.

அவர்களுடைய ஹெக்ஸ் மாடல், இரண்டு கோர், உங்கள் இன்றைய 100-க்குப் போதும். 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினால் மூச்சு வாங்கும். நாளைக்கும் சேர்த்து வாங்குவதென்றால் ஆர்.பி.5009, நாலு கோர் 1.4 கிகாஹெர்ட்ஸ். விலை முன்னதைப் போல மூன்று நாலு மடங்கு இருக்கும். அப்போதும் உங்கள் கொட்டேஷன் பக்கத்தில்கூட வராது.

லினக்ஸ்_பித்தன்
பரணில் கிடக்கும் ஒரு ஐ3 கம்ப்யூட்டர், இன்டெல் லேன் கார்டு இரண்டு, ஓ.பி.என்சென்ஸ் (கம்ப்யூட்டரை ரவுட்டராக்கும் இலவச மென்பொருள்). மைக்ரோடிக் எல்லாவற்றையும் விட சி.பி.யு. பலம். காசே இல்லை.

திருப்பூர்_நெட்
ஐ.டி. ஆள் இல்லாத ஆபீஸ், பம்ப் குடோன் தூசி, ராத்திரி பகல் ஓடும் எஸ்.எம்.பி.எஸ். அது போகும் நாளில் நீங்கள் போய் மாட்டிக் கொடுப்பீர்களா?

லினக்ஸ்_பித்தன்
நான் சென்னை.

திருப்பூர்_நெட்
கணபதி, மைக்ரோடிக் எடுத்தால் ஒரு பொறி இருக்கிறது. கூட வரும் ஃபயர்வாலில் ஃபாஸ்ட்ட்ராக் என்று ஒரு விதி இருக்கும். அதில் ஏறிய இணைப்புகள் சிம்பிள் க்யூவை, அதாவது நாம் போடும் வரிசையை, தொடாமலே தாண்டிப் போகும். வரிசை அழகாகப் போட்டுவிட்டு "ஒன்றும் வேலை செய்யவில்லையே" என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம். விதியை அணையுங்கள். அணைத்தால் சி.பி.யு. ஏறும், அதனால் பெட்டியின் அளவை அணைத்த நிலையில் வைத்தே தீர்மானியுங்கள். சிப் ஹெல்பரும் (மேலே பாண்டி சொன்ன ஏ.எல்.ஜி.தான்) தானாக ஓடிக்கொண்டிருக்கும், அதையும் அணையுங்கள்.

பி.பி.பி.ஓ.இ., அதாவது பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து டயல் செய்யும் லைனா? அப்படியென்றால் ஓ.என்.டி.யை பிரிட்ஜ் மோடில் (நேட் செய்யாமல் அப்படியே கடத்துவது) போடச் சொல்லி ரவுட்டரிலேயே டயல் செய்யுங்கள். இரண்டு பெட்டியும் நேட் செய்தால் மேலே பாண்டி சொன்ன வியாதி இரட்டிப்பாகும்.

கணபதி_பம்ப்
லைன் மாறுவது பற்றி யாரும் சொல்லவில்லையே. ஃபைபர் போனால் கேபிளுக்குத் தானாக மாற வேண்டும், அதற்குத்தான் இரண்டு வைத்திருக்கிறோம்.

பேக்கெட்_பாண்டி
மாறும், ஆனால் பேசிக்கொண்டிருக்கும் கால் அறுந்துவிடும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அதைவிடக் கெட்டது அதற்கு அப்புறம் நடப்பது. ஓ.என்.டி.க்கு மின்சாரம் இருக்கிறது, கேபிள் சொருகியிருக்கிறது, வெளியே எங்கோ ஃபைபர் அறுந்திருக்கிறது. ரவுட்டர் பிங் வைத்துக் கண்டுபிடித்து வழியை மாற்றிவிடுகிறது. பிரௌசர் எல்லாம் ஓடுகிறது. போன்கள் மட்டும் செத்துக்கிடக்கும். காரணம், நேட் அட்டவணையில் போனுக்கான பழைய பதிவு ஃபைபர் முகவரியோடு அப்படியே இருக்கிறது. போன் 30 செகண்டுக்கு ஒருமுறை உயிர்த்துடிப்பு அனுப்புவதால் அந்தப் பதிவு காலாவதி ஆகவே ஆகாது. ஒவ்வொரு துடிப்பும் அதன் ஆயுளை நீட்டிக்கொண்டே போகும்.

வழி மாறும்போது 5060 போர்ட்டுக்கான பதிவுகளை அழிக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று போட்டுவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் எல்லாப் போனும் திரும்பிப் பதிந்துவிடும். போட்டுத் தருபவரை, ஆபீஸ் நேரத்தில் ஃபைபர் நாரை ஓ.என்.டி.யிலிருந்து உருவிக் காட்டச் சொல்லுங்கள். ரவுட்டர் பக்கக் கேபிளை உருவிக் காட்டினால் செல்லாது, அதில் எல்லாப் பெட்டியும் ஒழுங்காக மாறும்.

இரண்டு லைனிலும் சேர்த்து பாரம் பிரிக்கிறேன் என்று யாராவது சொன்னால், குரலை அதில் சேர்க்காதீர்கள். போன் எல்லாம் ஃபைபரில், கேபிள் காத்திருக்கட்டும். ஏற்றம் 10 தான் என்பதால் கேபிளுக்கு மாறும்போது வரிசையின் வேகமும் 9-க்கு இறங்க வேண்டும், இதையும் மறக்கிறார்கள்.

பீளமேடு_பிபிஓ
குறுக்கே வருகிறேன். எங்களிடம் 20 பேர் வீட்டிலிருந்து ஆபீஸ் வி.பி.என். வழியாக சாஃப்ட்போன் பேசுகிறார்கள். கணக்கு மாறுமா?

பேக்கெட்_பாண்டி
நிறைய மாறும். வயர்கார்டு வி.பி.என். ஒவ்வொரு பேக்கெட்டுக்கும் 60 பைட் சேர்க்கும், 200 பைட் குரல் பேக்கெட்டுக்கு அது பெரிய வரி. அதைவிட, வீட்டுக்காரர் குரல் ரவுட்டருக்குள் வந்து பூட்டு திறந்து மறுபடி கிளவுடுக்கு வெளியே போகிறது. ஒரே கால் உங்கள் லைனில் இரண்டு முறை. கிளவுட் பி.பி.எக்ஸ். என்றால் வீட்டிலிருந்து நேராக அங்கேயே பதியவிடுங்கள், மறைகுறியாக்கத்தோடு. வி.பி.என். தேவையே இல்லை.

பீளமேடு_பிபிஓ
அது ஓ.எஸ்.பி. விதிக்கு (கால் சென்டர் மாதிரி நிறுவனங்களுக்கான தொலைத்தொடர்பு விதி) ஒத்துவருமா?

பழைய_எக்ஸ்சேஞ்ச்
2021 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை நிறையத் தளர்த்தியது, பி.பி.எக்ஸ். எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்றது. இணையத்தில் கொண்டுவந்து உள்ளூர் எண்ணில் இறக்கிக் கட்டணம் தப்பிப்பது அப்போதும் குற்றம்தான். விவரத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், இது ரவுட்டர் பேசும் இடம்.

கணபதி_பம்ப்
எல்லோருக்கும் நன்றி. ஆர்.பி.5009 எடுத்து மாட்டியாயிற்று. ஃபாஸ்ட்ட்ராக் அணைத்து, கேக் போட்டு, இரண்டு லைனும் கட்டியிருக்கிறோம். காலை நெருக்கடியில், டிசைன் பிரிவு ஏற்றம் செய்யும்போதும் சி.பி.யு. 25-ஐத் தாண்டவில்லை. ஃபைபர் நாரை உருவச் சொன்னபோது மாட்டிக்கொடுத்தவர் முகம் போன போக்கு! முதல் தடவை போன்கள் திரும்பவில்லை, ஸ்கிரிப்ட் போட்ட பிறகு வந்துவிட்டன.

ஒன்று கேட்க வேண்டும். மின்சாரம் போனபோது கம்ப்யூட்டர்கள் யு.பி.எஸ்-ல் ஓடின, போன்கள் எல்லாம் அணைந்துவிட்டன.

திருப்பூர்_நெட்
நெட்வொர்க் கேபிள் வழியாகவே போனுக்கு மின்சாரம் கொடுக்கும் பி.ஓ.இ. சுவிட்ச் யு.பி.எஸ்-ல் இல்லை. பழைய இ.பி.ஏ.பி.எக்ஸ். தன் பேட்டரியிலிருந்து எல்லா போனுக்கும் மின்சாரம் கொடுத்தது, அதனால் உங்களுக்கு இந்த யோசனையே வந்திருக்காது. சுவிட்ச், ரவுட்டர், இரண்டு மோடம் நாலையும் தனி யு.பி.எஸ்-ல் போடுங்கள். போன் ஒன்றுக்குச் சில வாட் தான் இழுக்கும், 45-க்கும் சேர்த்து இருநூறு சொச்சம் வைத்துக் கணக்கிடுங்கள்.

கணபதி_பம்ப்
போட்டுவிடுகிறோம். மிச்சப்பட்ட பணத்தில் முதலாளி ஸ்பேர் ஒன்று வாங்கச் சொல்கிறார். இன்னொரு 5009 எடுக்கவா, ஹெக்ஸ் போதுமா?

பேக்கெட்_பாண்டி
ரிப்பேர் ஆகி வரும்வரை ஓட்டுவதற்கு ஹெக்ஸ் போதும், 100 எம்பிபிஎஸ் தாங்கும். ஆனால் பேக்கப் ஃபைல் எடுத்து வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், அது எடுத்த அதே பெட்டியில் திருப்பிப் போடுவதற்கானது. எக்ஸ்போர்ட் கட்டளையில் வரும் எழுத்து வடிவ ஃபைலை எடுத்து, போர்ட் பெயர்களை மாற்றி, ஹெக்ஸில் இப்போதே ஏற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் அலமாரியில் வையுங்கள்.